சர்வதேச உறவுகளில் முதுகலை: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி முதல் சாயல்குடி வரை மாணவர்களும் பெற்றோரும் இந்தப் படிப்பைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான விடைகள் இவை. தேதியும் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

சர்வதேச உறவுகள் என்ற பாடத்தில் என்னதான் படிப்பார்கள்?

இலங்கையின் நெடுந்தீவு அருகே நம் விசைப்படகு ஒன்று பிடிபட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படகு தாண்டியதாகச் சொல்லப்படும் கோடு எங்கே இருக்கிறது, யார் போட்டது என்பது சர்வதேசச் சட்டம். சென்னையிலிருந்து போகும் கடிதத்துக்கு டெல்லி ஒருமுறை வேகமாகவும் மறுமுறை ஆறப்போட்டும் பதில் சொல்வது ஏன் என்பது வெளியுறவுக் கொள்கை. ஏற்றுமதிச் சந்தையில் இறால் விலை ஏறும்போது கரையில் என்ன நடக்கிறது என்பது சர்வதேச அரசியல் பொருளாதாரம். அரசுகள் அச்சத்தால் நடக்கின்றனவா, ஆதாயத்தாலா, ஊறிப்போன எண்ணங்களாலா என்ற கேள்வி கோட்பாட்டுத் தாளுக்கு உரியது. யதார்த்தவாதம், தாராளவாதம், கட்டமைவுவாதம் என்று மூன்று பெயர்கள் முதல் பருவத்திலேயே காதில் விழும்.

பொதுவாக இரண்டு ஆண்டு, நான்கு பருவம். இவற்றோடு ஐ.நா. போன்ற அமைப்புகள் பற்றி ஒரு தாளும், தெற்காசியா, மேற்காசியா என ஏதாவது ஒரு வட்டாரத்தைப் பற்றிய தாள்களும் இருக்கும். பல இடங்களில் கடைசிப் பருவத்தில் ஆய்வேடு உண்டு. அரசியல் அறிவியல் முதுகலையில் இந்திய அரசமைப்பு, அரசியல் சிந்தனை, பொது நிர்வாகம் எல்லாம் பரவலாக வரும். சர்வதேச உறவுகள் அங்கே இரண்டு மூன்று தாள்களோடு நின்றுவிடும்.

வெளியுறவுப் பணி அதிகாரி ஆக இந்தப் பட்டம் வேண்டுமா?

வேண்டாம். இந்திய வெளியுறவுப் பணிக்கு யூ.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வுதான் வழி. எந்தப் பட்டமும் போதும். பொதுப் பிரிவுக்கு வயது 21 முதல் 32 வரை, ஓ.பி.சி.க்கு 35 வரை, எஸ்.சி., எஸ்.டி.க்கு 37 வரை. வாய்ப்புகள் முறையே 6, 9, எஸ்.சி., எஸ்.டி.க்கு எண்ணிக்கை வரம்பு இல்லை.

முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், நேர்காணலையும் தமிழில் எதிர்கொள்ளலாம். ஆனால் முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. முதன்மைத் தேர்வில் ஆங்கிலத் தகுதித் தாள் ஒன்றையும் தாண்ட வேண்டும். அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் சேர்ந்த விருப்பப் பாடம் 2 தாள், 500 மதிப்பெண். முதுகலைப் படிப்பு உதவுவது இங்கேயும் பொது அறிவின் இரண்டாம் தாளிலும்தான். குடிமைப் பணியே ஒரே குறி என்றால், அதற்காக மட்டும் இரண்டு ஆண்டை இந்தப் பட்டத்தில் செலவழிக்கச் சொல்ல மாட்டோம்.

தமிழ்நாட்டிலும் வெளியிலும் எங்கே படிக்கலாம்?

டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சர்வதேச ஆய்வுகள் பள்ளி இந்தத் துறையில் நாட்டின் மூத்த இடம். 1955இல் தனி நிறுவனமாகத் தொடங்கி 1970இல் ஜே.என்.யூ.வோடு இணைந்தது. சர்வதேசச் சட்டம், மேற்காசியா, தெற்காசியா, ஆயுதக் குறைப்பு எனத் தனித்தனி மையங்கள் உண்டு. கல்விக் கட்டணம் மிகக் குறைவு. விடுதி, சாப்பாடு, பயணச் செலவுக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

நமக்குப் பக்கம் என்றால் புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம். அரசியல் மற்றும் சர்வதேச ஆய்வுகள் துறையோடு தெற்காசிய ஆய்வுகளுக்கென ஒரு மையமும் அங்கே இருப்பதால், இலங்கை தொடர்பாக ஆய்வு செய்ய நினைப்பவருக்குப் பொருந்தும். கேரளத்தில் கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகமும் காசர்கோடு மத்தியப் பல்கலைக்கழகமும் உண்டு. கொல்கத்தா ஜாதவ்பூரில் இதற்கெனத் தனித் துறையே இருக்கிறது. சென்னையில் பெண்களுக்கு ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி. டெல்லி தெற்காசியப் பல்கலைக்கழகம் சார்க் நாடுகள் சேர்ந்து 2010இல் தொடங்கியது. அங்கே வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரர் இலங்கையராகவோ நேபாளியாகவோ இருக்கக்கூடும். இந்தப் பாடத்துக்கு அது சின்ன விஷயமல்ல.

நம் மாவட்டக் கல்லூரிகள் இணைந்துள்ள காரைக்குடி அழகப்பாவிலும், மதுரை காமராசரிலும் சேர்வதை இரண்டாந்தரமாக நினைக்க வேண்டாம். ஆனால் பாடத்திட்டத்தைக் கையில் வாங்கி, சர்வதேச உறவுகளுக்கு எத்தனை தாள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

க்யூட் முதுகலைத் தேர்வு எப்படி இருக்கும்? எங்கே தவறுகிறார்கள்?

ஜே.என்.யூ., புதுச்சேரி, காசர்கோடு போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இந்தப் பொது நுழைவுத் தேர்வுதான் வாசல். அண்மை ஆண்டுகளில் டிசம்பர், ஜனவரியில் விண்ணப்பம், மார்ச்சில் தேர்வு. 75 வினா, 300 மதிப்பெண். சரி என்றால் 4, தவறு என்றால் 1 கழியும். இளங்கலை க்யூட் தமிழிலும் உண்டு என்பதால் முதுகலையும் அப்படியே இருக்கும் என்று எண்ணி ஏமாறுகிறவர்கள் உண்டு. இங்கே மொழிப்பாடத் தாள்களைத் தவிர மற்றவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே.

மதிப்பெண் கழியும் என்ற பயத்தில் நிறைய வினாக்களை விட்டுவிடுவது பெரிய இழப்பு. கணக்கைப் பாருங்கள்: நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடித் தொட்டாலும் சராசரியாக 0.25 மதிப்பெண் லாபம்தான். ஒரு விடை நிச்சயமாகத் தவறு என்று தள்ளிவிட முடிந்தால் அந்தச் சராசரி 0.67 ஆகிறது, இரண்டைத் தள்ள முடிந்தால் 1.5. ஆகவே ஒரு விடையையாவது தள்ள முடிகிற வினாவை விடாதீர்கள்.

அடுத்த தவறு தாள் குறியீட்டில். எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் படிப்புக்கு எந்தத் தாள் என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் கையேட்டில்தான் இருக்கும். பெயரைப் பார்த்து ஊகித்துத் தாளைத் தேர்ந்தெடுத்தால், நல்ல மதிப்பெண் இருந்தும் விண்ணப்பம் நிற்காது.

மூன்றாவதுதான் மனத்தை வருத்துவது. க்யூட் எழுதினால் இடம் தானாக வந்துவிடாது. முடிவு வந்த பிறகு ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் தனியாகப் பதிவு செய்து, தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். அந்த வாசல் சில வாரமே திறந்திருக்கும். தேர்வு முடிந்ததும் ஊர்த் திருவிழா, கல்யாணம் என்று இருந்துவிட்டு ஜூனில் விழித்துக்கொள்பவர் ஆண்டுக்கு ஆண்டு இருக்கிறார்கள்.

தேர்வு நகரமாக மதுரையை முதலில் போடுங்கள். காலை நேரத் தேர்வு கிடைத்தால் முந்தைய இரவே போய்விடுவது நல்லது.

சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறது. அது போதாதா?

மாநில அரசு தந்த பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மத்தியப் பல்கலைக்கழகத்தில் செல்லாது. மத்திய அரசு வடிவத்தில் ‘ஓ.பி.சி., வளமான பிரிவினர் அல்லாதோர்’ என்ற சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகம் தரும். மாநிலப் பட்டியலில் இருக்கும் சமூகமெல்லாம் மத்தியப் பட்டியலிலும் அதே பெயரில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். கடலோரச் சமூகங்களிலும் முஸ்லிம் பிரிவுகளிலும் பெயரின் எழுத்து வேறுபட்டாலே சிக்கல் வருகிறது. மத்தியப் பட்டியலின் பதிவையும் உங்கள் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

வருமான வரம்பு 8 லட்சம், தொடர்ந்து 3 ஆண்டு கணக்கு. பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் இந்த 8 லட்சத்தில் சேராது. படகு, வலை, மீன் வியாபாரம் இவற்றிலிருந்து வருவது சேரும். அப்பா பெயரில் விசைப்படகு இருக்கும் வீடுகள் இதை முன்கூட்டியே பேசித் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

காலமும் முக்கியம். சேர்க்கையின்போது பெரும்பாலும் அந்த நிதியாண்டின் சான்றிதழைத்தான் கேட்பார்கள். ஜனவரியில் விண்ணப்பத்துக்காக வாங்கியது ஜூலையில் பழையதாகிவிடும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே புதிதாக விண்ணப்பித்துவிடுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் முதல் பருவம் கடினமாகவே இருக்கும். ஆங்கிலம் பேச வராதது உண்மையில் பெரிய தடையல்ல. வாரத்துக்கு இருநூறு, முந்நூறு பக்கம் வாசிக்க முடியாததுதான் தடை. சேர்வதற்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். தினமும் ஓர் ஆங்கில நாளிதழின் வெளியுறவுக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதன் வாதத்தைத் தமிழில் ஐந்து வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் கட்டுரை புரியவில்லை என்று பொருள். அகராதியை அப்போது எடுங்கள். சொல் சொல்லாக மொழிபெயர்த்துக்கொண்டே படிக்கிறவர்கள் மூன்றாம் வாரத்தில் களைத்து நிறுத்திவிடுகிறார்கள்.

நம் கடல் பிரச்சினையையே ஆய்வேட்டுக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஆனால் ஊர்க்காரர் என்பதாலேயே விஷயம் தெரியும் என்ற நினைப்புத்தான் முதல் பள்ளம். மேடையில் கேட்டதை அப்படியே ஆய்வேட்டில் எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

‘1974இல் கச்சத்தீவைக் கொடுத்ததால் மீன்பிடி உரிமை போனது’ என்ற வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். 1974 ஜூன் மாத ஒப்பந்தம் பாக் நீரிணைப் பகுதியில் எல்லைக்கோட்டை வரைந்தது. அதன் 5ஆம் பிரிவு இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே விசா இல்லாமல் கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. 6ஆம் பிரிவு இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் நீர்ப்பரப்பில் மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடரும் என்கிறது. மீன்பிடித்தல் என்ற சொல் இந்த இரண்டிலும் இல்லை. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் கோடு போட்டபோது, இரு வெளியுறவுச் செயலர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில்தான் ஒரு நாட்டுப் படகு மறுநாட்டு நீரில் மீன்பிடிக்கக் கூடாது என்பது வெளிப்படையாக வருகிறது. கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் கரை எனப்படும் மீன்வளம் மிக்க கடல்பகுதி இந்தியாவின் உரிமைக்குள் வந்ததும் அந்த 1976 ஒப்பந்தத்தில்தான். ஆக, உங்கள் கேள்வி தீவைப் பற்றியதா, கோட்டைப் பற்றியதா, மீனைப் பற்றியதா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் ஆவணம் வேறு, சட்டம் வேறு.

இன்னும் பின்னால் போக விரும்பினால், பாக் விரிகுடாவின் சங்குப் படுகைகள் பற்றி 1904 தீர்ப்புத் தொகுப்பில் வந்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. ராமநாதபுரம் சமஸ்தானத்துக்கு உரிய படுகையில் சங்கு எடுத்தது திருட்டா என்ற வழக்கு. இந்த விரிகுடா திறந்த கடல் அல்ல, ‘வரலாற்று நீர்ப்பரப்பு’ என்ற வாதத்துக்குப் பின்னாளில் அது சான்றானது. சங்கு குளித்தவர்களின் வழக்கு ஒன்று சர்வதேசச் சட்டப் புத்தகங்களில் ஏறியிருப்பது நம் பக்கத்து மாணவர்கள் பலருக்கே தெரியாது.

ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?

ஒப்பந்த வாசகங்கள் வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பந்தத் தொகுப்பிலும் ஐ.நா. ஒப்பந்தத் தொடரிலும் இலவசமாகக் கிடைக்கும். கோட்டின் அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளுக்கு அமெரிக்க வெளியுறவுத் துறையின் கடல் எல்லை ஆய்வு வரிசையில் 66, 77ஆம் எண் வெளியீடுகள் எளிது, வரைபடமும் உண்டு. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதை மறந்து, தரை மைலாகக் கணக்கிட்டுப் படகை இலங்கைக் கரையிலேயே ஏற்றிவிடும் ஆய்வேடுகள் வருகின்றன.

நாடாளுமன்றக் கேள்வி பதில்கள் பெரும் சுரங்கம். கைதான மீனவர், பிடிபட்ட படகு, விடுவிப்பு பற்றிய எண்ணிக்கைகள் ஆண்டுவாரியாக அங்கே வரும். நாளிதழிலிருந்து கூட்டிக்கழிப்பதைவிட அதை மேற்கோள் காட்டுவதே பாதுகாப்பு. பழைய கோப்புகளுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், டெல்லி தேசிய ஆவணக் காப்பகம். பிந்தையதன் கோப்புகள் பலவற்றை இணையத்திலேயே தேடலாம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம். ஆனால் வெளிநாட்டு உறவைப் பாதிக்கும் தகவலுக்கு 8(1)(அ) பிரிவில் விலக்கு உண்டு. 20 ஆண்டு கடந்த தகவலைத் தர வேண்டும் என்ற விதியும் இந்த விலக்கை உடைக்காது. அதனால் ‘பேச்சுவார்த்தையில் என்ன பேசினீர்கள்’ என்று அமைச்சகத்தைக் கேட்டுப் பயனில்லை. ‘இந்த ஆண்டு எத்தனை படகுக்கு நிவாரணம்’ என்று மீன்வளத் துறையைக் கேட்டால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

எதிர்க்கரையை விட்டுவிடாதீர்கள். யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களும் தமிழர்கள். போர்க்காலத்தில் கடலுக்குப் போகத் தடைபட்டிருந்தவர்கள் 2009க்குப் பின் மெல்லத் திரும்பினார்கள். தங்கள் வலையை இந்திய விசைப்படகுகளின் இழுவைமடி (கடலடியை வாரிச் செல்லும் வலை) அறுக்கிறது என்பது அவர்கள் முறையீடு. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தாலேயே தடை செய்தது. யாழ்ப்பாணத் தமிழ் நாளிதழ்களை மூலமொழியில் படிக்க முடிவது டெல்லி மாணவருக்கு இல்லாத வசதி. அதைப் பயன்படுத்தாமல், ஆங்கிலச் செய்தியை மட்டும் அடிக்குறிப்பில் போடும் நம் பிள்ளைகளைப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

மீனவர்களிடம் நேர்காணல் எப்போது, எப்படி எடுப்பது?

காலத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஆட்கள் கரையில் இருப்பார்கள், படகு மராமத்து நடக்கும், நின்று பேச நேரம் கிடைக்கும். நான்காம் பருவ ஆய்வேட்டையோ மே மாதத்திலேயே கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே அதற்கு முந்தைய ஆண்டு, இரண்டாம் பருவம் முடிந்த கோடை விடுமுறையிலேயே நேர்காணல்களை எடுத்துவிடுங்கள். டிசம்பர் விடுமுறையை நம்பினால் மழையும் புயல் எச்சரிக்கையும் குறுக்கே நிற்கும்.

தடைக்காலம் தவிர்த்த நாட்களில் ராமேசுவரம் விசைப்படகுகள் பொதுவாகத் திங்கள், புதன், சனியில் டோக்கன் வாங்கிப் போய், மறுநாள் காலை திரும்பும். அந்தக் காலை ஏல நேரத்தில் கேள்வித்தாளோடு போய் நின்றால் யாருக்கும் பிடிக்காது. மதியத்துக்கு மேல் போங்கள்.

முதுகலை ஆய்வேட்டுக்கு 15 முதல் 20 பேர் போதும், ஆனால் கலவையாக இருக்க வேண்டும். படகு உரிமையாளர் சொல்வதும் கூலிக்குப் போகிறவர் சொல்வதும் ஒன்றல்ல. அபராதம் உரிமையாளருக்கு, சிறை மற்றவருக்கு. நாட்டுப்படகுக்காரர்கள் விசைப்படகைப் பற்றித் தனிக் கருத்து வைத்திருப்பார்கள். கருவாடு போடும், பாசி எடுக்கும் பெண்களை விட்டுவிட்டு ‘மீனவர் கருத்து’ என்று எழுதாதீர்கள்.

வழக்கு நடக்கிற ஒருவர் ‘நான் எல்லை தாண்டினேன்’ என்று சொல்லி நீங்கள் அதைப் பெயரோடு அச்சில் ஏற்றினால், அது அவருக்கு எதிரான சான்றாகலாம். பெயர், படகு எண், பிடிபட்ட நாள் மூன்றையும் நீக்குங்கள். நாள் மட்டும் இருந்தாலே செய்தியோடு பொருத்தி ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். பிடிக்கத் தடையுள்ள கடலட்டை பற்றிப் பேச்சு வந்தால் பதிவுக் கருவியை நிறுத்திவிடுங்கள். படகில் கூடவே போய்ப் பார்க்கும் ஆசையும் வேண்டாம்.

மண்டபம் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் பற்றி ஆய்வு செய்ய அனுமதி உண்டா?

நேராக வாசலுக்குப் போகக் கூடாது. அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகத்திடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் கடிதம் இல்லாமல் மனு நகராது. பதில் வர மாதங்கள் ஆகலாம், வராமலும் போகலாம். அனுமதி கிடைக்காவிட்டாலும் எழுதக்கூடிய தலைப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படித் தலைப்புக்குப் பஞ்சமில்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையிலும் அதன் 1967 நெறிமுறையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து, 1,50,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்வோம் என்று நிறுத்திவைத்தது. போரால் வந்த ஈழத்தமிழரையும் இந்த மலையகத்தாரையும் ஒன்றாக்கிக் குழப்புவது அடிக்கடி நடக்கும் தவறு. மண்டபத்தில் பிரிட்டிஷ் காலத்திலும் ஒரு முகாம் இருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த இடம் அது. அந்தக் கோப்புகளைப் படிக்க முகாமுக்கான அனுமதி தேவையில்லை.

கீழக்கரையில் வீட்டுக்கொருவர் வளைகுடாவில். அதையும் ஆய்வாக்கலாமா?

தாராளமாக. குடிபெயர்வுச் சட்டம் 1983, பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் விழும் குடிபெயர்வு அனுமதி முத்திரை, தொழிலாளியின் விசாவை முதலாளியோடு கட்டிவைக்கும் கஃபாலா முறை, தூதரகங்களில் 2009இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதி என்று சட்டமும் கொள்கையும் கலந்த களம் இது. சான்றுகள் வீட்டு அலமாரியிலேயே இருக்கின்றன: பழைய ஒப்பந்தப் படிவம், விசா நகல், சம்பளச் சீட்டு. மதரசாவில் அரபி ஓதியவர்களுக்கு எழுத்து பழகியிருக்கும். நாளிதழ் அரபி வேறு, அதற்கு ஓராண்டுப் பயிற்சி வேண்டும். எழுத்தே தெரியாமல் தொடங்குகிறவரைவிட நீங்கள் வெகுதூரம் முன்னால்தான்.

நெட், ஜே.ஆர்.எஃப்., முனைவர் பட்டம் எப்படி?

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் முதல் தாள் 50 வினா, இரண்டாம் தாள் 100 வினா, ஒன்றுக்கு 2 மதிப்பெண், மொத்தம் 3 மணி நேரம். தவறுக்குக் கழிவு இல்லை. 150ஐயும் எழுதிவிட்டு வாருங்கள். அதே தேர்வின் வழியே வரும் ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. அதற்கு வயது 30, பெண்களுக்கும் ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி.க்கும் 5 ஆண்டு தளர்வு. 2024 முதல் நெட்டிலேயே முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டுமான தகுதி ஒன்றும் உண்டு. அதில் நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 விழுக்காடு, ஓராண்டுதான் செல்லும்.

பாடக் குறியீடு 02 அரசியல் அறிவியல், 90 சர்வதேச உறவுகளும் வட்டார ஆய்வுகளும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பணியிடம் பெரும்பாலும் ‘அரசியல் அறிவியல்’ என்ற பெயரில்தான் வரும். இங்கே வேலைக்கு வர நினைப்பவருக்கு 02 பாதுகாப்பு.

படித்து முடித்தால் வேலை?

நேரடியாக இந்தப் பட்டத்துக்கென்று குவிந்திருக்கும் வேலை கிடையாது. கல்லூரி ஆசிரியர், ஆய்வு நிறுவனங்கள், இதழியல், தொண்டு நிறுவனங்கள், வெளிநாட்டுத் தூதரகங்களின் உள்ளூர்ப் பணியிடங்கள், போட்டித் தேர்வு. பெரும்பாலான ஆய்வு நிறுவனங்கள் டெல்லியில்.

ஒரு பொறி இருக்கிறது. பட்டத்தின் பெயர் ‘சர்வதேச உறவுகள்’ என்று மட்டும் இருந்தால், அது அரசியல் அறிவியல் முதுகலைக்கு இணையானது என்ற அரசாணை இல்லாமல் மாநில ஆசிரியர் தேர்வில் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். சேரும் முன்பே உயர்கல்வித் துறையின் இணைத்தன்மை ஆணைகளில் அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தப் பட்டப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ‘அரசியல், சர்வதேச ஆய்வுகளில் சிறப்புப் பாடத்துடன்’ என்பது போன்ற பெயருள்ள பட்டத்தில் இந்தத் தொல்லை குறைவு.

வெளிநாட்டில் படிக்க எவ்வளவு ஆகும்? உதவித்தொகை?

பிரிட்டனில் ஓராண்டுப் படிப்பு. கல்விக் கட்டணம் மட்டும் 25 லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். இந்தப் பாடத்துக்கு வீட்டை அடமானம் வைத்துப் போகாதீர்கள். கணினிப் படிப்புபோல முதல் ஆண்டுச் சம்பளத்தில் கடனை அடைக்கும் துறை இதுவல்ல.

பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேரப் பணி அனுபவம் வேண்டும், முடித்தபின் ஊர் திரும்பி இரண்டு ஆண்டு இருக்க வேண்டும். ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டுப் பட்டங்களுக்கு அனுபவம் பொதுவாகக் கட்டாயமில்லை. உதவித்தொகை மாதம் 1,400 யூரோ. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, ஆனால் ஏ.பி.எஸ். என்ற கல்விச் சான்று சரிபார்ப்புச் சான்றிதழும் ஓராண்டுச் செலவுக்கான முடக்கப்பட்ட கணக்கும் வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டு உயர்கல்வித் திட்டத்தில் 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் 2022இல் ஒரு விதி சேர்ந்தது: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்கு உதவி இல்லை. கடலெல்லைத் தலைப்போடு விண்ணப்பிக்கிறவர்கள் அதைச் சர்வதேசச் சட்டக் கேள்வியாக அமைத்துக்கொள்ள வேண்டும்.

ஓராண்டு முதுகலை இங்கே செல்லுமா என்ற பழைய கவலைக்கு, 2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் செய்த கல்வித் தகுதி அங்கீகார உடன்பாடு பெருமளவு விடை தந்திருக்கிறது.

வெளியுறவு அமைச்சகத்தில் பயிற்சி கிடைக்குமாமே?

கிடைக்கும், நம் மாவட்டத்துக்கு அதில் ஒரு சாதகமும் இருக்கிறது. நிதி ஆயோக்கின் முன்னேற விழையும் மாவட்டங்களில் தமிழ்நாட்டில் இரண்டுதான்: ராமநாதபுரம், விருதுநகர். அமைச்சகத்தின் பயிற்சித் திட்டம் இந்த மாவட்டத்தாருக்கு முன்னுரிமை தருகிறது. ஒன்று முதல் மூன்று மாதம், மாதம் 10,000 ரூபாய், வயது 25க்குள். விண்ணப்பத்தில் மாவட்டம் கேட்கும் இடத்தில், படிக்கிற ஊர் என்று சென்னையையோ மதுரையையோ போட்டு இதை இழந்துவிடாதீர்கள்.

மகளை டெல்லிக்கு அனுப்ப வீட்டில் யோசிக்கிறோம். வேறு வழி உண்டா?

ஸ்டெல்லா மாரிஸும் புதுச்சேரியும் இருக்கின்றன. வீட்டிலிருந்தே என்றால் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் முதுகலை. முதல் ஆண்டிலேயே சர்வதேச உறவுகள் தாள் உண்டு, மண்டல மையம் மதுரையில். ஒப்படைப்புகளை நேரத்தில் தராமல் தேர்வெழுத முடியாமல் போவதுதான் அங்கே வழக்கமான சறுக்கல். டெல்லியே என்று முடிவானால், விடுதி இடம் முதல் நாளே கிடைக்காது என்று கணக்கிட்டு முதல் இரண்டு மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.

பெயரில் தலைப்பெழுத்து மட்டும்தான் இருக்கிறது. அது சிக்கலா?

க்யூட், நெட் விண்ணப்பங்களில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே, புள்ளி, இடைவெளி உட்பட எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’, அதாவது முதல் பெயர் தெரியவில்லை, என்று அச்சாகிவரும். பிறகு வங்கிக் கணக்கு முதல் பட்டச் சான்றிதழ் வரை அது தொடரும். தலைப்பெழுத்தை அப்பா பெயராக விரித்துக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு விண்ணப்பிப்பதே சுலபம். ஏற்கெனவே எடுத்துவிட்ட பாஸ்போர்ட் என்றால் மதுரை மண்டல அலுவலகத்துக்கு உட்பட்ட மையத்தில் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சேர்க்கைக் கடிதம் வரும்வரை காத்திருக்காமல் இளங்கலை இறுதியாண்டிலேயே செய்துவிடுங்கள்.